சபாபதிக்கு ஒரு ஊர்

8-1-1965

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று இஸ்திரி போட்ட புடவையில் நாள் முழுக்க விறைப்பாக நின்றேன். வரவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கிள்ளையிலிருந்து குப்பத்துக்கு நடந்து வந்தால் வீட்டு வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ். எங்கள் குப்பத்தில் பூட்ஸ் போடுகிற ஆள் ஒருவர்தான்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். இரண்டு மாத லீவு. “ஒரு கார்டு போட்டா விரலு தேஞ்சிடுமா?” என்று கேட்டேன். “கார்டு போட்டா உப்பு பாத்துச் சமைப்ப. திடீர்னு வந்தாத்தான டீச்சர் வண்டவாளம் தெரியும்” என்கிறார்.

மங்கலத்துக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. மூன்று வயசுக் குழந்தை, போன லீவில் பார்த்தது. வெகு நேரம் என் புடவைக்குள் ஒளிந்திருந்துவிட்டு, “குதிர எங்க?” என்று கேட்டது. குதிரைப்படையில் இருக்கிறார் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. பேருக்குத்தான் குதிரைப்படை, குதிரையெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு போய்விட்டது, இப்போது டாங்கிதான், அதை ஓட்டுவது நான்தான் என்று பெரிய மனுஷிக்குச் சொல்வது போல உட்கார்ந்து சொன்னார். அது எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டிற்று. எனக்கு இவ்வளவு பொறுமை ஏழு ஜன்மத்துக்கும் வராது.

10-1-1965

மறுபடியும் பஞ்சாயத்தில் கேட்கப்போகிறாராம். எனக்கு அப்போதே தெரியும், இந்த லீவே அதற்குத்தான்.

கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் குப்பத்தில் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டாக இருந்தால்தான் பஞ்சாயத்தில் உட்காரலாம், சாமி தூக்கலாம். வீட்டில் நல்லது கெட்டது என்றால் ஊர் வந்து நிற்கும். இவர் வெளியாள். தாலி கட்டி நாலு வருஷம் ஆகியும் வெளியாள். நாங்கள் என் அப்பாவின் தலைக்கட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்குப் பிறகு நானும் மங்கலமும் யார்? இதை நாட்டாரிடம் கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டு கடலைப் பார்க்கிறார். ஊர்த் தலைவரல்லவா, கடலைப் பார்த்தால் பதில் சொன்ன மாதிரி. காத்தவராயன் என்று பேர், எனக்குப் பெரியப்பா முறை. இவரைச் சேர்க்க முடியாது என்று சொன்ன நாளிலிருந்து நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டே ஆகவேண்டுமென்றால் ‘நாட்டாரே’தான். அவருக்கு அது குத்துகிறது என்று அவர் சம்சாரம் அமராவதி பெரியம்மா சொன்னாள். குத்தட்டும்.

ஊர் இல்லாமல் போனது இவர் குற்றமா? பிறந்தது பர்மாவில். அப்பா சிதம்பரம் பக்கத்திலிருந்து அரிசி மில் வேலைக்குப் போனவர், அம்மா பர்மாக்காரி. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இவருக்கு ஆறு வயசு. அப்பாவின் தோளில் உட்கார்ந்து காடும் மலையுமாக வந்திருக்கிறார். அம்மா தன் ஜனங்களோடு அங்கேயே நின்றுவிட்டாள். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்ததும் அப்பாவுக்குக் காலரா. கூட நடந்த யாரோ புண்ணியவான்கள் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்து மேல வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விட்டுவிட்டுப் போனார்கள். எச்சில் இலை எடுத்து வளர்ந்த பிள்ளை. மீசை முளைத்ததும் பட்டாளம். இதையெல்லாம் அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் யாருடைய கதையோ மாதிரி.

பெண் கேட்டு வந்தபோதும் தனியாகத்தான் வந்தார். தட்டைத் தானே தூக்கிக்கொண்டு. “எனக்காகப் பேச யாரும் இல்லீங்க, அதான் நானே வந்தேன்” என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பா அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டார். சிதம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரோடு நான் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டுப் பெண் கேட்டு வந்த மகராசன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

18-1-1965

கடல் தெரியாதவன் எப்படித் தலைக்கட்டாக முடியும் என்று யாரோ சொன்னார்களாம். அப்பாவோடு கட்டுமரத்தில் போனார். வலை இழுத்ததைவிட வாந்தி எடுத்ததுதான் ஜாஸ்தியாம்.

19-1-1965

மறுபடி போனார். மறுபடி வாந்தி.

20-1-1965

மறுபடி. கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அவர்களைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு நடந்து வருகிறார்.

29-1-1965

இன்று வாந்தி இல்லை. உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துத் தோல் உரிந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன். “எதுக்கு இந்தப் பாடு? பட்டாளத்துல படறது பத்தலயா?” என்றேன். “பட்டாளத்துல சேந்தப்ப சொந்த ஊரு எதுன்னு கேட்டாங்க. சிதம்பரம்னேன். அங்க எந்த வூடுன்னு கேட்டாங்க. கல்யாணத்துக்கு அப்பறம் மாத்தி எழுதிட்டேன் டீச்சர், இந்தக் குப்பம்னு. எழுதிட்டு ஊருக்காரங்களுக்குத் தெரியாம இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார். இன்னொரு தடவை எண்ணெய் தடவிவிட்டேன்.

4-2-1965

சிதம்பரத்துக்கு பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஹிந்தி எதிர்ப்புக் கலவரம். டீக்கடையில் நாலு பையன்கள், “பட்டாளத்துல நீங்க ஹிந்திதான பேசுவீங்க?” என்று இவரை வம்புக்கு இழுத்திருக்கிறார்கள். “ஆர்டர் ஹிந்தில வரும் தம்பி. அடிபட்டா அம்மான்னுதான் வரும்” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாராம். எந்த அம்மாவை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

16-2-1965

மாசி மகம். ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடலுக்கு வந்தார். எள் போட இடமில்லை. எங்கள் குப்பத்து மாரியம்மனையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைக்கட்டுக்காரர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். இவர் ஓரமாக நின்று கும்பிட்டார்.

திரும்பும்போது பந்தல் சாமான் ஏற்றிய லாரி மணலில் அச்சுவரைக்கும் இறங்கிவிட்டது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டுகிறது. ஊரே கூடித் தள்ளியும் அசையவில்லை. இவர் சட்டையைக் கழற்றி மங்கலத்தின் கையில் கொடுத்தார். நாலு சக்கரத்திலும் காற்றைப் பாதி இறக்கினார். டிரைவர் லபோதிபோ என்று கத்துகிறான். தென்னங்கீற்றைக் கொண்டுவரச் சொல்லிச் சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார். “எல்லாரும் தள்ளாம எட்ட நில்லுங்க” என்றுவிட்டு ஏறி உட்கார்ந்தார். சத்தமே இல்லை. எருமை சேற்றிலிருந்து எழுந்திருப்பது போல லாரி மெதுவாக எழுந்து தார் ரோட்டுக்குப் போய் நின்றது. ராஜஸ்தான் மணலில் டாங்கிக்கு டீசல் கொண்டுவருகிற லாரிகளை இப்படித்தான் எடுப்பார்களாம்.

“கெட்டிக்காரன்தான்” என்று நாட்டார் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் புருஷன். நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லியிருந்தால் வாய் வெந்துவிடுமா என்று தோன்றியது. ஆனாலும் வீடு வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

28-2-1965

இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

பஞ்சாயத்தில் நாட்டார் சொன்னதை அப்பா வந்து சொன்னார். “நல்லவன்தான், நான் இல்லங்கல. இன்னைக்கி ஒருத்தன சேத்தா நாளைக்கி நாலு பேரு வந்து நிப்பான். கடக்கர நம்ம கையில நிக்குமா? பாக்கலாம்.”

பாக்கலாம். என்னத்த பாக்கறது? வாந்தி எடுத்து எடுத்து கடலுக்குப் போனாரே, அத பாக்கலயா? கை உரிஞ்சத பாக்கலயா? தேசத்துக்கே காவல் நிக்கறவனுக்கு ஒரு குப்பத்துல நிக்க எடம் இல்ல. பெரிய மனுஷனாம் பெரிய மனுஷன்.

கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் மங்கலத்துக்குச் சோறு ஊட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார். “முடியாதுன்னு சொல்லலயே, பாக்கலாம்னுதான சொன்னாரு மாமா. காவல்ல நிக்கறவன் கண்டவனயும் உள்ள வுட்டா அவன் என்னா காவக்காரன்? அவரு வேலய அவரு ஒழுங்கா பாக்கறாரு. எனக்கே கோவம் வரல, உனக்கு எதுக்கு?”

இந்த மனுஷனை என்ன செய்வது? இப்படி ஒரு ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

8-3-1965

சிதம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன். போகிற வழியில் நாட்டார் வீட்டில் நுழைந்து, போயிட்டு வரேன் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். நான் வெளியிலேயே நின்றேன்.

14-6-1965

லான்ஸ் தபேதார் ஆகிவிட்டாராம். குப்பம் முழுக்க, கலெக்டருக்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் டவாலியுமாக நடக்கிற தபேதார் என்றே நினைத்துக்கொண்டது. பட்டாளத்தில் அது வேறு என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது.

7-9-1965

சண்டை ஆரம்பித்துவிட்டது. பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் ஊரே நிற்கிறது. லாகூர் பக்கம் என்கிறார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

13-9-1965

டாங்கிச் சண்டை என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

23-9-1965

சண்டை நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சர்க்கரை கொடுத்தேன். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். வரட்டும், வந்ததும் இருக்கிறது அவருக்கு. ஒரு வரி எழுத நேரமில்லையாமா?

25-9-1965

தந்தி வந்தது.

26-9-1965

இன்றும் கட்டுமரங்கள் போயின.

குப்பத்தில் ஒரு தலைக்கட்டு செத்தால் அன்றைக்கு யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். இவர்தான் தலைக்கட்டு இல்லையே. விடிந்ததும் ஒவ்வொன்றாகப் போவதை வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் அப்பாவின் கட்டுமரம் மட்டும் கரையில் கிடந்தது. அவங்க மேல என்ன தப்பு, வயிறு இருக்குல்ல என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு அவரே எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

எரித்தும் விட்டார்களாம், அங்கேயே. சாம்பல்கூட வராது.

3-10-1965

பொட்டை எடுக்க வேண்டும், கருமாதிக்கு நாள் பார்க்க வேண்டும் என்று பெண்கள் வந்தார்கள். கண்ணால் பார்த்தவர்கள் யாராவது வந்து என்னிடம் சொல்லட்டும், அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். படித்த திமிர் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஆமாம், திமிர்தான். அமராவதி பெரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் மங்கலத்துக்குத் தலை வாரிவிட்டுப் போனாள்.

12-10-1965

கடலூரில் கூட்டம். மாலை போட்டார்கள், சால்வை கொடுத்தார்கள். மைக்கில் ஒரு அதிகாரி அவர் பேரைச் சொல்லி எங்கள் குப்பத்தின் பேரையும் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சர்க்காருக்குத் தெரிகிறது அவர் எந்த ஊர் என்று. எங்கள் ஊருக்குத்தான் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஆலப்பாக்கம் வரைக்கும் மனசுக்குள் நாட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

27-10-1965

பார்த்தவர் வந்துவிட்டார்.

குறிஞ்சிப்பாடிக்காரர், தங்கராசு என்று பேர். அதே டாங்கியில் குண்டு போட்டுக் கொடுக்கிற வேலை. இடது கை தோள் வரைக்கும் கட்டு. தீ சுட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வந்தவர் தன் வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். பட்டாளத்து ஆள் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு நாட்டாரும் வந்தார், பின்னால் பாதி ஊர்.

கரும்புக் கொல்லை நடுவில் போய்க்கொண்டிருந்தபோது அடி விழுந்ததாம். “டிரைவர்தான் அண்ணி முன்னால இருக்கறவன். மூடியத் தொறந்து மொதல்ல வெளிய வந்துட்டான். ஓடியிருக்கலாம். ஏறி வந்து என் காலர புடிச்சி இழுத்துப் போட்டான். உள்ள மலையாளத்துப் பையன் ஒருத்தன் மாட்டிக்கிட்டான். நான் வேணாம்டா வேணாம்டான்னு கத்துனேன். ‘கொழந்தடா அவன்’னுட்டு மறுபடி எறங்குனான். அப்பத்தான் உள்ள இருந்த குண்டெல்லாம் வெடிச்சிது.”

நான் அழவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் யாராவது நம்புவார்களா? ஆனால் அதுதான் நிஜம். அவரைத் தவிர வேறு யார் திரும்ப இறங்குவார்கள் என்றுதான் நினைத்தேன்.

தங்கராசு பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு நாட்டாரிடம் திரும்பினார். “நீங்கதான நாட்டாரு? மீசைய வச்சே கண்டுபுடிச்சிட்டேன். உங்களப் பத்தித்தான் பேச்சு அவனுக்கு. எங்க ஊர்ல எங்க மாமா சொன்னாத்தான் கட்டுமரம் எறங்கும், வெளியாளு ஒருத்தன் வாலாட்ட முடியாதும்பான். நாங்கெல்லாம் பொறாமப்படுவோம். லீவுல வந்தா உங்க எல்லாரோடயும் கடலுக்குப் போவானாமே, கொடுவா மீனு இல்லாம திரும்ப மாட்டானாமே. மாசி மகத்துக்கு சாமி தூக்குனது, மாமா கெட்டிக்காரன்னு சொன்னது, எல்லாம் சொல்லியிருக்கான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் இல்லையென்றும் சொல்லவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேற என்னா சொன்னான்?” என்று நாட்டார் கேட்டார். “ரிட்டயர் ஆனா நேரா ஊருதான்னு சொல்லுவான்” என்றார் தங்கராசு. நாட்டார் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

28-10-1965

காலையில் நாட்டாரும் பெரியம்மாவும் வந்தார்கள். என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசினார். “பக்கிரி, நாளைக்கி தேடப் போறோம். தலைக்கட்டுக்கு ஒரு ஆளு. நேத்து பஞ்சாயத்துல பேசியாச்சு.”

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. கடலில் ஒருவன் காணாமல் போனால் ஊர் முழுக்கப் போய்த் தேடவேண்டும். தேடாமல் கருமாதி செய்யக்கூடாது. எங்கள் ஜனங்களுக்கு அது தெரிந்ததுதான். ஆனால் இவர்?

அப்பா கேட்டேவிட்டார். “அண்ணே, மாப்ள செத்தது பஞ்சாபு பக்கம், கரும்புக் கொல்லையில.”

“தெரியும்டா. போன புள்ள திரும்பி வரல. நமக்குத் தேடத் தெரிஞ்ச எடம் கடல்தான்” என்றார் நாட்டார்.

29-10-1965

ஐப்பசிக் கடல். வாடைக்காற்று. இப்படிப்பட்ட நாளில் சம்பாத்தியத்துக்குக்கூட யாரும் இறங்கமாட்டார்கள். இன்று ஒரு கட்டுமரம்கூடக் கரையில் இல்லை. நாட்டார் கடலுக்குப் போவதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அவரே துடுப்பைப் பிடித்துக்கொண்டு முதல் மரத்தில் ஏறினார். அலை இரண்டு தடவை கவிழ்த்துப் போட்டது. மூன்றாம் தடவை தாண்டினார்.

பெண்கள் எல்லோரும் கரையில் நின்றோம். தேடும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். காற்று கரைப் பக்கம் அடித்ததால் நன்றாகக் கேட்டது. சபாபதி, சபாபதி என்று இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அவரை ரங்கூன்காரன் என்று சொன்ன வாய்களெல்லாம் கூப்பிட்டன. அப்பாவின் குரல் தனியாகத் தெரிந்தது. மருமகனைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை, மாப்ள என்றுதான் சொல்வார். படித்த திமிர் என்று முணுமுணுத்தவள் எனக்குப் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ‘அப்பாவ ஏன் தண்ணில தேடறாங்க?’ என்று மங்கலம் கேட்டது. பெரியம்மா அதைத் தூக்கிக்கொண்டாள்.

வெயில் ஏறியதும் திரும்பினார்கள். கட்டுமரங்களை இழுத்துப் போட்டுவிட்டு எல்லா ஆண்களும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நாட்டார் முன்னால் நின்றார். முட்டியில் ரத்தம், உடம்பு நடுங்குகிறது.

“தேடிப் பாத்தோம் தாயி. ஊரே போயிப் பாத்தோம். எங்க புள்ள அம்புடல.”

அவரிடம் கேட்க ஒரு கேள்வியை ஒரு மாதமாக வைத்திருந்தேன். உயிரோடு இருக்கும்போது ஏன் இந்த வார்த்தை வரவில்லை என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அதைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“நனஞ்சிட்டீங்க பெரியப்பா. உள்ள வாங்க.”

கொடியிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கினார். தலையைத் துவட்டவில்லை, முகத்தை மூடிக்கொண்டார்.